பானையில் இருந்த கஞ்சி

மகன்,

நீ சாப்பிட்டாயா என்று எழுதித் தொடங்கத்தான் கை போகிறது. உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து உன்னோடு நான் எந்தக் கதையைத் தொடங்கினாலும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியிருக்கிறேன். இந்த முறை அதைக் கேட்காமல் எழுதிப் பார்க்கிறேன். நீ வவுனியாவுக்குப் போய் மூன்று கிழமை ஆகிறது. போனில் நான் "சாப்பிட்டியோ?" என்பேன், நீ "ஓம்" என்பாய். "என்ன சாப்பிட்டனி?" என்பேன். "கடையிலை ஆக்கள் நிக்கினம் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். பிறகு நீ எடுப்பதில்லை. போன் திருத்துகிற கடையில் வேலை செய்கிறவனுக்குத் தாயோடு கதைக்க மட்டும் போன் வேலை செய்யாது என்று பக்கத்து வீட்டுச் செல்வியக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்துவிட்டு வந்து குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதேன்.

அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்து முடித்து, பெரிய சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அங்கேயே மர வாங்கில் குந்தியிருந்து கொப்பியில் எழுதுகிறேன். இதை வாசிகசாலையின் ஆண்டு மலருக்கும் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. பெயர் ஒன்றும் போடமாட்டேன். ஆனாலும் எங்கள் முரசுமோட்டையில் இது யார் வீட்டுக் கதை என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். உனக்கு வெட்கமாக இருக்கும் என்றால் ஒரு சொல் சொல்லு, கொடுக்காமல் விடுகிறேன். என் வெட்கத்தைப் பற்றி நீ யோசிக்காதே. என்னைப் போலப் பிள்ளை வளர்த்த தாய்மார் இந்தப் பக்கத்தில் வேறும் இருக்கிறார்கள். அவர்களும் வாசித்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

கிளினிக்கில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அந்த டொக்டர் பிள்ளைக்கு உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். உன்னைத் தராசில் ஏற்றி இறக்கி, இரத்தம் சோதித்த துண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இருபத்திரண்டு வயதிலேயே சீனி வருத்தம் வந்துவிட்டது, ஈரலிலும் கொழுப்புப் படிந்திருக்கிறது என்று சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "இப்ப பிடிச்சால் குறைக்கலாம் தம்பி. இப்பிடியே விட்டால் கண், கால், சிறுநீரகம் எண்டு ஒவ்வொண்டாய்ப் போகும்" என்றார். பிறகு கேட்டார்: "சின்னனிலை இருந்தே இப்பிடியோ? வீட்டிலை சாப்பாடு எப்பிடி?" நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். உனக்குப் பதில் தெரியும், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல மனம் வரவில்லை. நான் முந்திக்கொண்டேன். "இவன் சாப்பிடுறதே இல்லை டொக்டர். கொறிக்கிறதோடை சரி. இது எங்கடை பரம்பரை உடம்பு." என் வாழ்க்கையில் நான் சொன்ன இரண்டாவது பெரிய பொய் அது. முதலாவதைப் பிறகு சொல்கிறேன். உன் அப்பாவின் படம் ஒன்றே ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதில் சேர்ட்டுக்கு மேலால் அவருடைய கழுத்தெலும்பு தெரியும். எங்கள் பரம்பரையில் நிறுத்திக் காட்ட ஆட்கள் மிஞ்சவில்லை, அந்தத் துணிவில்தான் அப்படிச் சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ இருந்த சீற்றில் இன்னொருவருக்கு இடமில்லை. நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொண்டக்டர் வந்து "அண்ணைக்கு ரெண்டு டிக்கெட்டோ?" என்று கேட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மகன். அந்த நேரத்தில் முகத்தை வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாய்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை உனக்குச் சோறு போட்டதுதான். எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று படம் போட்டு டொக்டர் தந்த தாள் என் கைப்பைக்குள் மடித்தபடி கிடந்தது. இரண்டாம் தரம் போட நான் அகப்பையைத் தூக்கியபோது நீ சோற்றுக் கோப்பைக்கு மேலே கையை விரித்துப் பிடித்தாய். "அம்மா, ஒருக்கா எனக்கு இல்லை எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றாய். பகிடி விடுகிறாய் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. "என்னடா விசர்க் கதை, பானை நிறையக் கிடக்கு" என்றேன். "கிடந்தாலும் சொல்லுங்கோ. என்னாலை நிப்பாட்ட ஏலாது அம்மா. நீங்கள் சொன்னால் நிப்பாட்டுவன்." உன் விரல்களுக்கு மேலேயே சோற்றைப் போட்டேன். நீ கையை உதறிவிட்டு எழும்பிப் போனாய். உன் கோப்பையில் சோறு மிச்சமிருந்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கண்டேன். வவுனியா வேலைக்குப் போவதா விடுவதா என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தவன், அடுத்த நாள் காலையில் பையைக் கட்டிவிட்டாய். "இந்த வீட்டிலை இருந்தால் நான் செத்துப்போவன் அம்மா" என்று வாசலில் நின்று சொன்னாய். கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது. நீ ஆறுதலாகத்தான் சொன்னாய்.

போன கிழமை நான் தனியாக அந்தக் கிளினிக்குக்குப் போனேன். இது உனக்குத் தெரியாது. மற்றவர்கள் எல்லாரும் போன பிறகு டொக்டரிடம் போய், "அண்டைக்கு நான் சொன்னது பொய் பிள்ளை" என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டுக் கதிரையைக் காட்டினார். நான் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து முகாமுக்குள் நாங்கள் போனபோது உனக்கு ஆறு வயது. உன் காற்சட்டை இடுப்பில் நிற்காது, சாக்கு நூலால் கட்டி விட்டிருந்தேன். அங்கே நிவாரணமாகக் கோதுமை மா, சீனி, பருப்பு, எண்ணெய் தந்தார்கள். சீனியைத் தண்ணீரில் கரைத்து உனக்குப் பருக்கினேன். மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்துத் தந்தேன், அதற்கு மேலேயும் சீனி தூவினேன். ஒரு நாள் அந்த நூல் தேவையில்லாமல் போனது. தண்ணீர் வரிசையில் நின்ற பெண்கள் உன்னைப் பார்த்து, "உன்ரை பெடியன் நல்லாய்த் தேறிட்டான்" என்றார்கள். அந்த முகாமில் ஒரு தாய்க்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. நான் உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசை முழுக்கக் காட்டினேன். அந்தச் சொல்லை இன்னொரு தரம், இன்னொரு தரம் கேட்க வேண்டும் என்று பிடித்த ஆசை, ஊருக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. நீ தேறி முடிந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும் நான் உன்னைத் தேற்றிக்கொண்டே இருந்தேன். உன் உடம்பைப் பற்றி யாராவது வாய் திறந்தால் கண்ணூறு என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன்.

ஊருக்குத் திரும்பியபோது வாய்க்கால் கரை முழுக்க மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். மிதிவெடி எடுக்கிறவர்கள் நாள் முழுக்க வெயிலில் குந்தியிருந்து மண்ணைக் கிளறினார்கள். நான் உன்னை வளவுக்குள் விட்டுக் கேற்றைப் பூட்டினேன். அதில் பிழையில்லை. பலகைகளைக் கழற்றிக்கொண்டு போய், இனிப் பயமில்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்ன பிறகும் நான் கேற்றைத் திறக்கவில்லையே, அதுதான் பிழை. மற்றப் பிள்ளைகள் வயல் வெளியில் பந்தடித்தார்கள், வாய்க்காலில் குதித்தார்கள். நீ கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "நானும் போகட்டோ அம்மா?" என்று கேட்பாய். வேண்டாம் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. ஒரு பிஸ்கட் பைக்கற்றைக் கையில் தருவேன். நீ அதைத் தின்றுகொண்டு ரீவிக்கு முன்னால் போய் இருப்பாய். ஓட வேண்டிய வயதில் உன்னை இருத்தி வைத்தவள் நான். நீ பெரிய வகுப்புக்குப் போனதும், நடந்தால் வெயில் படும் என்று ஸ்கூட்டியும் வாங்கித் தந்தேன். ரியூசன் முடிந்து பரந்தன் சந்தியில் ரோல்ஸும் சோடாவும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தாயா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்றால் எனக்கு நிம்மதி. வீட்டுக்கு வந்த பிறகு திரும்பவும் சோறு.

நீ இங்கே படித்தபோது இந்தப் பள்ளிக்கூடத்துக் குசினியிலும் ஒரு களவு நடந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு ஒரு அகப்பை, கறி ஒரு கரண்டி என்று அளந்துதான் போடுவேன். அளவு பிழைத்தால் கடைசி வரிசைப் பிள்ளைக்குக் காணாது, போதாமல் போய்விடும், அதில் நான் கண்டிப்பு. ஆனால் நீ உன் பங்கைச் சாப்பிட்டுவிட்டுப் பின்பக்க யன்னலுக்கு வருவாய். எனக்கு என்று ஒதுக்கியதை உனக்குத் தருவேன். நீ நின்றபடியே அவசரமாக விழுங்குவாய். பார்த்துவிடுவார்கள் என்று நான்தான் அவசரப்படுத்துவேன். மெதுவாகச் சாப்பிடத் தெரியாதவன் என்று பிறகு உன்னை ஏசியிருக்கிறேன், பழக்கியவள் நான் என்பதை மறந்து. விளையாட்டுப் போட்டியில் உன்னை ஓட விடாமல் முடிவுக் கோட்டில் கயிறு பிடிக்க விட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "எல்லாரும் என்னைப் பூசணிக்காய் எண்டு கூப்பிடுறாங்கள் அம்மா" என்று அழுதாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுப்பை மூட்டித் தேங்காய்ப்பூவும் சீனியும் வைத்து ரொட்டி சுட்டேன். நீ அழுது அழுது நாலு ரொட்டி சாப்பிட்டாய். அழுகை நின்றது. அதற்குப் பிறகு உனக்கு எந்தக் கவலை வந்தாலும் நீ குசினிக்குத்தான் வந்தாய், நான் அதைப் பாசம் என்று நினைத்தேன்.

டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "நீங்கள் மட்டும் காரணம் இல்லை அம்மா. சின்னனிலை பட்டினி கண்ட உடம்பு, பிறகு கிடைக்கிறதை எல்லாம் பிடிச்சு வைக்கத்தான் பாக்கும். அதுவும் ஒரு காரணம்" என்றார். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். "அந்தப் பட்டினி போட்டதும் நான்தான் பிள்ளை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உனக்கும் விளங்காது. இவ்வளவு காலமும் நான் அதை யாருக்கும் சொன்னதில்லை.

யுத்தத்தின் கடைசி மாதம். கடலுக்கும் களப்புக்கும் நடுவில், மணலில் தறப்பாள் கூடாரம் கட்டி இருந்தோம். என் கூறைச் சேலையைக் கிழித்துப் பையாகத் தைத்து, மண் நிரப்பிப் பங்கர்க் குழி வாசலில் அடுக்கியிருந்தோம். ஒரு பின்னேரம் உன் அப்பா குடிதண்ணீர் எடுக்கப் பிளாஸ்ரிக் கானைத் தூக்கிக்கொண்டு போனார். "கஞ்சி காய்ச்சி வை, வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பிடி அரிசிதான் இருந்தது. தண்ணீரைக் கூட ஊற்றிக் காய்ச்சினேன். உனக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை வார்த்தேன். மிச்சம் சரியாக ஒரு சிரட்டை, அது அவருக்கு. மூடியால் மூடி வைத்தேன். நீ ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சிரட்டையை நீட்டினாய். "இன்னும் தாங்கோ அம்மா." "இல்லை ராசா, முடிஞ்சுது" என்றேன். அதுதான் முதலாவது பொய். நீ நம்பவில்லை. "மூடியைத் திறந்து காட்டுங்கோ" என்றாய். நான் திறக்கவில்லை. நீ பானைக்குக் கையைக் கொண்டுபோனாய். நான் உன் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு, பசித்த பிள்ளைக்கு. நீ அழவில்லை. சிரட்டையை எடுத்து அதன் உட்புறத்தை நக்கத் தொடங்கினாய். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் செல் குண்டு விழத் தொடங்கியது. எங்கள் வரிசையே கிளம்பி ஓடியது. உன்னைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன். பானை பங்கர் வாசலிலேயே நின்றது, மூடியோடு. உன் அப்பா அந்தத் தண்ணீர்க் கானோடு திரும்பி வரவேயில்லை. அவர் போன பக்கம்தான் முதலில் விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். அந்தக் கஞ்சியை நீயும் குடிக்கவில்லை, அவரும் குடிக்கவில்லை. உனக்கு வார்த்திருந்தால் ஒரு பிள்ளையின் பசியாவது அன்றைக்கு ஆறியிருக்கும். அவருக்கு என்று நான் வைத்தது ஒருவருக்கும் இல்லாமல் போனது. இப்போது விளங்குகிறதா, ஏன் எங்கள் வீட்டில் சோற்றுப் பானைக்கு மூடி இல்லை என்று? பூனை வாய் வைக்கும், இலையான் மொய்க்கும் என்று செல்வியக்கா எத்தனை தரம் என்னை ஏசியிருப்பார். மூடியைக் கண்டால் உன் குரல் கேட்கும், மகன். அதனால்தான் உனக்கு ஒரு நாளும் இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அந்த ஒரு சிரட்டைக் கஞ்சியை இத்தனை வருடமாக உனக்குத் திருப்பித் திருப்பி ஊட்டிக்கொண்டிருந்தேன். நீ நிறைந்த பிறகும் எனக்கு நிறையவில்லை.

ஒவ்வொரு வைகாசியிலும் சந்தியில் பெரிய பானை வைத்து, அந்த நாட்களின் நினைவாக வெறும் உப்புக் கஞ்சி காய்ச்சி எல்லாருக்கும் சிரட்டையில் கொடுக்கிறோமே. சமையல்காரி என்று அந்த அடுப்பை என்னிடம்தான் ஒப்படைப்பார்கள். உனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒருமுறை, அந்தத் தண்ணீர்க் கஞ்சி திரும்பவும் உன் வயிற்றுக்குள் போவதைப் பார்க்க மனமில்லாமல், தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டு வீட்டில் வேறாகக் காய்ச்சிப் போத்தலில் கொண்டுவந்தேன். மற்றவர்கள் பார்க்காத நேரம் உன் சிரட்டையில் அதை ஊற்றினேன். நீ ஒரு வாய் குடித்துவிட்டுப் பலத்த குரலில், "என்ரை கஞ்சி மட்டும் இனிக்குதம்மா" என்றாய். எல்லாரும் திரும்பினார்கள். பக்கத்தில் செல்வியக்கா நின்றார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த மண்ணில்தான் போனார்கள். அவர் தன் சிரட்டையைக் கையில் பிடித்தபடி, "அவன்ரை தேப்பனுக்கும் சேர்த்துத்தானே காய்ச்சினது. அவனும் இதைத்தான் குடிக்க வேணும்" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கூசியது. கூசியும் திருந்தவில்லை. அடுத்த வருடத்திலிருந்து நீ சந்திக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, இனிப்புக் கஞ்சியை வீட்டிலேயே தந்தேன். உன் அப்பாவை நினைக்கிற ஒரு நாளிலிருந்தும் உன்னைத் தள்ளி வைத்துவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் தாய், ஒன்றிரண்டு சொல்லாமல் விட முடியவில்லை. டொக்டரிடம் போ. தந்த மருந்துக் குளிசைகளை விடாதே. கடை பூட்டியதும் கொஞ்சத் தூரம் நட. ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும். மனம் சரியில்லாத நேரம் சாப்பாட்டுக் கடைக்குப் போகாமல் எனக்குப் போன் எடு, நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கமாட்டேன். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அது கோப்பையில் நாலு சோறு மிச்சம் வைத்தால், விட்டுவிடு. நான் பக்கத்தில் நின்று உருட்டி ஊட்ட வந்தால் என் கையைப் பிடித்துத் தடு. என்னால் நிறுத்த முடியாது என்று நீ அன்றைக்குச் சொன்னாயே, அதுவும் என்னிடமிருந்து வந்ததுதான்.

வைகாசி வருகிறது. இந்த முறை நீ சந்திக்கு வா. நான் போத்தலில் ஒன்றும் கொண்டுவரமாட்டேன். நேற்றுப் பரந்தனுக்குப் போய் வீட்டுப் பானைக்கு ஒரு மூடி வாங்கினேன். சந்தியில் வைக்கிற பெரிய பானைக்கும் மூடி இருக்கிறது. எல்லாரோடும் நீயும் வரிசையில் நில். மற்றவர்களுக்கு வார்க்கிற அளவுதான் உனக்கும் வார்ப்பேன், அதே உப்பு. உன் அப்பாவை நினைத்துக்கொண்டு ஆறுதலாகக் குடி, அவசரம் இல்லை. குடித்து முடித்துவிட்டு, எனக்காக, இன்னொரு தரம் சிரட்டையை நீட்டு. அன்றைக்குக் கேட்டாயே, இந்த முறை மூடியைத் திறந்து காட்டுவேன். பானை நிறையக் கஞ்சி இருக்கும். நீ பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, "இல்லை ராசா, இவ்வளவும் காணும்" என்று சொல்வேன்.

அம்மா